தொண்ணூற்றொரு சதவீத மனிதர்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டு மாடிகள், தொண்ணூற்றாறு வீடுகள், ஒரு நலச்சங்கம். மாடிகளையும் வீடுகளையும் கட்டி முடிக்க மூன்று வருடம் பிடித்தது. சங்கத்தை ஒரே சாயங்காலத்தில் கட்டிவிட்டார்கள். மாடிகளில் அங்கங்கே விரிசல் விட்டுவிட்டது. சங்கம் மட்டும் இன்றுவரை ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது.

ஒவ்வொரு மாடியிலும் நடுவே நீளமாக ஒரு தாழ்வாரம். இரண்டு பக்கமும் வீடுகள் என்பதால் ஜன்னல் கிடையாது. நடுப்பகலிலும் கையை நீட்டினால் விரல் தெரியாது. வீடுகளின் கூடங்களும் ஏறக்குறைய அப்படித்தான். தாழ்வார விளக்குகளைப் போடவும் அணைக்கவும் பல்பு மாற்றவும் ஓர் ஆளை வைத்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாக எல்லோருக்கும் அவர் லைட்டுக்காரர். ஐம்பத்து நான்கு வயது, ஒல்லி உடம்பு, நீலச் சட்டை, நரைத்த மீசை. கீழ்த்தளத்தில் மீட்டர் பெட்டிகளை ஒட்டிய சின்ன அறையில் குடியிருந்தார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஊரின் அந்தக் கோடியில் ஓர் அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்து அவரை ஆளாக்கியவள். அவளுக்கும் இவரை விட்டால் நாதியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்குழு கூடியது. செயலாளர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஸ்விட்ச் என்பது என்ன? மனிதன் தவறு செய்வதற்கென்று சுவரில் ஒதுக்கப்பட்ட இடம். இனி காமிரா பார்த்துக்கொள்ளும். ஆள் வந்தால் விளக்கு எரியும், ஆள் போனால் அணையும். தாழ்வாரத்தில் மட்டுமல்ல, உங்கள் வீட்டுக் கூடத்திலும்தான். நீங்கள் எதையும் தொட வேண்டாம். எதையும் யோசிக்க வேண்டாம். சங்கம் ஏற்கெனவே யோசித்துவிட்டது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சந்தேகம் கேட்பதற்காகக் கையைத் தூக்கிய ஒருவரையும் ஆதரவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாளே ஸ்விட்சுகளைக் கழற்றும் வேலை லைட்டுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினோரு நாள் வீடு வீடாகப் போய்த் தன் பிழைப்பைத் தானே திருப்புளியால் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்டினார். வேலை முடிந்ததும் அவருக்குக் கொடுப்பதற்கான பணிநீக்க உத்தரவு செயலாளரின் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

காமிரா மாட்ட வந்த மெக்கானிக் விவரம் தெரிந்தவன். நேராகத் தலைவரிடம் போனான்.

"சார், ஆள்னா என்னன்னு காமிராவுக்கு முதல்ல நாமதான் காட்டணும். குண்டு, ஒல்லி, சின்னவங்க, பெரியவங்க எல்லாரும் ஆளுக்கு நாலு நிமிஷம் வந்து நின்னாப் போதும். அதுவே பழகிக்கும்."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெருத்த உடம்பு. எங்கே போனாலும் நடு நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்.

"நாங்க போய்ச் சுவரோரமா நிக்கறதா? பிடிபட்டவங்க மாதிரியா? என்னப்பா பேசற நீ! மனுஷன்னா மனுஷன்தானே? ஒருத்தனைப் பாத்தா எல்லாரையும் பாத்த மாதிரி. லைட்டுக்காரனைக் கூட்டிட்டுப் போ. அவன் சும்மாதானே இருக்கான்."

லைட்டுக்காரர் மூன்று நாள் காமிராவின் முன் நின்றார், நடந்தார், குனிந்தார், பையைத் தூக்கினார், பையை இறக்கினார். மெக்கானிக் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். குடியிருப்போர் அனைவரும் காமிராவுக்குக் காட்டப்பட்டனர் என்ற காகிதத்தில் செயலாளர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார். அதன்பின் மெக்கானிக் என்ன செய்வான்? திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டான்.

திறப்பு விழா அன்று தலைவர் ரிப்பனை வெட்டி, இருட்டான தாழ்வாரத்துக்குள் கம்பீரமாக நுழைந்தார். விளக்கு எரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த சின்னத் திரையில் மட்டும் எழுத்து ஓடியது: 'அலமாரி. 88 சதவீதம்.' பின்னாலேயே ஓடிய செயலாளரைப் பார்த்து, 'குடை. 63 சதவீதம்' என்றது. செயலாளரின் மனைவி பட்டுப் புடவையில் வந்தார். 'திரைச்சீலை.' யாரோ யார் காலையோ மிதித்துவிட்டார்கள். கூச்சல் கேட்டு லைட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் தலை தெரிந்ததுதான் தாமதம், தாழ்வாரம் முழுக்கப் பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

'மனிதர். 91 சதவீதம்.'

வெளிச்சத்தைப் பார்த்ததும் எல்லோரும் பழக்க தோஷத்தில் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டுமே என்று லைட்டுக்காரரை மூலையில் நிறுத்திக்கொண்டு கூடினார்கள். "அந்தக் காகிதத்தை ரத்து பண்ணுங்க சார், ஆளுக்கு நாலே நிமிஷம்" என்று மெக்கானிக் மறுபடியும் கெஞ்சினான்.

"ஏகமனதா நிறைவேறின தீர்மானம் எப்படிப்பா தப்பாகும்?" என்றார் தலைவர். "தப்பு இருந்திருந்தா ஒருத்தராவது எதிர்த்திருப்பாரே? அதுவும் போக, என்னை அலமாரின்னு சொன்னதுல என்ன தப்பு? என்கிட்ட இருக்கற நிதானம் அதுக்குப் புரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் புரியல."

கடைசியில் காமிராவை மாற்றுவதில்லை, மனிதரை வைத்துக்கொள்வது என்று முடிவானது. செயலாளர் பணிநீக்க உத்தரவைக் கிழித்துவிட்டு அந்த இடத்திலேயே நியமன உத்தரவு எழுதினார். பதவியின் பெயர்: மனிதர். கழுத்தில் தொங்கவிட அட்டையும் கொடுத்தார்கள். அதிலும் அப்படியே அச்சடித்திருந்தது.

அதிலிருந்து லைட்டுக்காரருக்கு உட்கார நேரமில்லை. காலையில் ஆபீஸ் போகிறவர்கள் எட்டாவது மாடியிலிருந்து வரிசையாக அவர் பின்னால் இறங்கினார்கள். மாலையில் அதே வரிசையில் ஏறினார்கள். நடுவில் வீட்டுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்திருந்தார்கள். மூன்றாவது மாடி டீச்சர் விடைத்தாள் திருத்தும்போது கூடத்தில் போய் நிற்க வேண்டும். "கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க, நிழல் விழுது" என்பார் டீச்சர், தலையைத் தூக்காமல். ஐந்தாவது மாடிப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள், இருட்டில் திட்டினால் திட்டின மாதிரி இல்லையாம். அவர் காமிராவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிடம் முடிந்ததும் கிளம்புவார். பாதி வசவு இருட்டில் நின்றுபோகும். இரண்டாவது மாடியில் ஒரு குழந்தை அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது.

"அம்மா, நாம மனுஷங்க இல்லையா?"

"அதெல்லாம் சங்கம் பாத்துக்கும். நீ வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

மனிதரைப் பராமரிப்பதற்கு விதிகளும் வந்துவிட்டன. மீசையைக் குறைக்கக் கூடாது. எடை கூடக் கூடாது, குறையவும் கூடாது. நீலச் சட்டையைத் தவிர வேறு சட்டை ஆகாது. ஒருமுறை சளிக் காய்ச்சல் வந்து, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். திரை தடுமாறிப்போய், 'மனிதர் 58, துணிக்கொடி 61' என்றது. ஆறாவது மாடியில் பதினேழு பேர் அரை மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் செயலாளரிடமிருந்து காகிதம் வந்தது: 'தாங்கள் மனிதத்தன்மையில் அலட்சியம் காட்டியுள்ளீர்கள். இது மீண்டும் நிகழாது என எழுத்துமூலம் உறுதியளிக்கவும்.' அவரும் எழுதிக் கொடுத்தார்.

முதல் மாதம் இதெல்லாம் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. அடுத்த மாதம் கோபம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போய்விட்டது. கிள்ளினாலும் தெரிந்திருக்காது. நில் என்றால் நின்றார், நட என்றால் நடந்தார்.

அக்காவின் போன் வரும்போது மட்டும் எங்கேயோ லேசாக ஊசி குத்தும். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்த சொந்தம் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கூடவே இருந்தால்தான் கத்தியைத் தொடுவார்களாம். போன மாதம் ஒரு தேதி குறித்தார்கள். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா பையோடு போய்விட்டுப் பையோடு திரும்பி வந்தாள்.

"இந்த வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்குன்னு சொல்லியிருக்காங்கடா தம்பி" என்றாள் அக்கா. "இதையும் தள்ளிப் போட்டா நல்லதில்லையாம். உனக்குத் தோதுப்படலேன்னா சொல்லிடு, பரவால்ல."

பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே வலி தெரிந்தது. அக்கா சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், ஊசி விரலில் ஏறினால்கூடத் துணியில் ரத்தம் பட்டுவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

"வந்துடறேன்க்கா" என்றார்.

திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுத்தார். அதைப் பரிசீலிக்க அன்று மாலையே செயற்குழு கூடியது. வழக்கம்போல மனிதர் மூலையில் நின்றார். அவருடைய விண்ணப்பத்தை நிராகரிக்கும் தீர்மானத்தைப் படிப்பதற்கும் வெளிச்சம் வேண்டுமே.

செயலாளர் உருக்கமாகவே பேசினார். "உறுப்பினர்களே, மனிதருடைய கஷ்டம் நமக்குப் புரியாமலில்லை. ஆனால் மனிதர் ஒரு நாள் விடுப்பில் போய்விட்டால், மனிதர் அல்லாத நாம் முந்நூற்று எண்பது பேர் என்ன செய்வோம்? யோசித்துப் பாருங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. பலர் யோசித்துப் பார்த்தார்கள்.

"அக்காவுக்கு ஆபரேஷன்னா டாக்டர் பாத்துப்பாருப்பா" என்றார் தலைவர். "அவங்களுக்கு டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க. எங்களுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

"கையெழுத்து நான்தான் போடணும் சார்."

"இங்கேயே போட்டுக் குடுத்தனுப்பேன்."

"நேர்ல வரணுமாம் சார்."

"இந்த ஆஸ்பத்திரிக்காரங்களே இப்படித்தான். மனுஷங்களை மனுஷங்களா மதிக்கிறதே இல்லை" என்று தலைவர் அலுத்துக்கொண்டார். செயலாளர் தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

அப்போது லைட்டுக்காரர் மூலையிலிருந்து கிளம்பினார். தைரியத்தில் செய்தாரா, கால் தானாகப் போனதா என்று அவருக்கே தெரியாது. ஏழெட்டு எட்டில் கதவைத் தாண்டி, காமிராவின் கண்ணில் படாத இடத்தில் போய் நின்றுகொண்டார். அறையில் விளக்குகள் அணைந்தன. 'விண்ணப்பதாரரின் கோரிக்கை' என்பதோடு செயலாளரின் குரல் நின்றது. ஒரு டம்ளர் உருண்டது.

"சார், வெள்ளிக்கிழமை ஒரு நாள்" என்றார் இருட்டைப் பார்த்து.

நாற்காலி ஒன்று நகர்ந்தது. அப்புறம் தலைவரின் குரல், முன்பு இருந்ததைவிட ரொம்பவும் இளகிப்போய் வந்தது. "உள்ள வாப்பா. வந்து நில்லு. ஏதாவது வழி பண்ணுவோம்."

வழி பண்ண மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு செவ்வாய்க்கிழமை கூடி டீ குடித்தது. புதன்கிழமை, மனிதரை எட்டுத் திசையிலும் போட்டோ பிடித்தது. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன லாரியில் ஆளுயர அட்டை ஒன்று வந்து இறங்கியது. அதே நீலச் சட்டை, அதே மீசை, அதே கழுத்து அட்டை. கீழே நான்கு சக்கரம் வேறு. லைட்டுக்காரர் ஒரு நாள் லீவு எடுத்தால் அன்றைக்கு மட்டும் இதைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. அவருக்கு அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஒத்திகை. மனிதரை வெளியே போகச் சொல்லிவிட்டு, டீச்சர் அட்டையைத் தாழ்வாரத்துக்குள் தள்ளினார். வெளிச்சம் குபீரென்று வந்தது. திரையைப் பார்த்த செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

'மனிதர். 98 சதவீதம்.'

"இவரைவிட ஏழு கூட!" என்றார்.

"அட்டை அசையாது சார்" என்றான் மெக்கானிக். "கொட்டாவி விடாது. முகம் வாடாது. காமிராவுக்கு அதான் வசதி."

"லீவும் கேட்காது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

அவ்வளவுதான். அங்கேயே, நின்றபடியே, கூட்டம் நடந்தது. தலைவர் அட்டையின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

"நாம சாதாரண விஷயம் பண்ணலை. ஒரு மனுஷனைவிட மேலான மனுஷனை நம்ம சங்கம் உருவாக்கியிருக்கு. இனிமே யாரும் யாரையும் எதிர்பார்க்க வேணாம். வீட்டுக்கு ஒரு மனுஷன்! தொண்ணூத்தாறுக்கு இப்பவே ஆர்டர் குடுத்துடுவோம். இத்தனை நாள் நம்மகிட்ட இல்லாமப் போனது என்ன? மனிதாபிமானம். அதை இனி சக்கரத்துல தள்ளிக்கிட்டே போகலாம்."

கைதட்டல். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இந்த முறை சந்தேகம் கேட்கக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை.

செயலாளர் லைட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். 'தாங்கள் கோரிய விடுப்பு மகிழ்ச்சியுடன் வழங்கப்படுகிறது. தொடக்கம்: வெள்ளிக்கிழமை. முடிவு:' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தது.

"திரும்ப எப்ப வரணும் சார்?"

"அதான் கோடு போட்டிருக்கே."

"கோடுன்னா சார்?"

"நீங்க ஒரு நாள்தான் கேட்டீங்க. சங்கம் தாராளமா நடந்துக்கிட்டிருக்கு. அப்புறம், அட்டைங்க இருக்கறப்ப நீங்க வளாகத்துக்குள்ள வந்தா காமிரா குழம்பிப் போகும். ஒரே மனிதர் ரெண்டு இடத்துல நிக்கறாருன்னு நினைக்கும். அதனால வர வேணாம். உங்க அறையும் காலியானாத்தான் தொண்ணூத்தாறையும் அடுக்க முடியும். இன்னிக்கே பாத்துக்குங்க."

லைட்டுக்காரர் சரி சார் என்றார். இதற்குக் கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. உள்ளே தேடியும் பார்த்தார். கிடைக்கவில்லை. அறைக்குப் போய் இரண்டு சட்டை, ஒரு போர்வை, டார்ச், அக்கா தைத்துக் கொடுத்த தலையணை உறை எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டார். பத்தொன்பது வருடம் ஒரே பையில் அடங்கிவிட்டது. வெளியே வரும்போது ஐந்தாவது மாடிப் பெண்மணி அட்டையைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். "கொஞ்சம் ஒதுங்குங்க, மனிதர் வர்றாரு" என்றார். இவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

ராத்திரி அக்கா வீட்டில் படுத்துவிட்டு, விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கவுன்டரில் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேள்வி கேட்டாள்.

"நோயாளிக்கு என்ன உறவு?"

"தம்பி."

"கூடவே இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

லைட்டுக்காரர் வாயைத் திறந்தார். லைட்டுக்காரர் என்று சொல்லலாம், அது போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

"மனுஷனா இருந்தேம்மா" என்றார். "நேத்தோட முடிஞ்சுது."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். நரைத்த மீசையை, கசங்கிய நீலச் சட்டையை, காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல், படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றாள், கொஞ்சம் மெதுவாக.

அவர் போட்டார். பேனாவின் மூடி விரலில் குத்தியது. குத்தியது அவருக்குத் தெரிந்தது.

அக்காவுக்குப் பச்சை உடுப்பு மாட்டித் தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அதில் அவள் ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு.

"லீவு குடுத்துட்டாங்களா தம்பி?"

"குடுத்துட்டாங்கக்கா."

"எத்தனை நாளு?"

"நிறைய நாளு. நீ தேறி எந்திரிக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

"நல்லவங்கடா அவங்க. நான்தான் என்னென்னமோ நினைச்சுட்டேன்." அக்காவின் கண் கலங்கியது. "என்னால உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடலையே?"

கட்டிலைத் தள்ளுகிறவர் வந்துவிட்டார். லைட்டுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவுவரைக்கும் கையை விடாமல் கூடவே நடந்தார்.

"ஒண்ணும் ஆகலைக்கா" என்றார். "வேலை அது பாட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கு."